14 நாள் பயம்

1960 செப்டம்பர் 19 அன்று லண்டன் தெருக்களில் போக்குவரத்து வார்டன்கள் முதன்முறையாகப் பணிக்கு இறங்கினார்கள். அவர்கள் எழுதிய முதல் டிக்கெட், வெஸ்ட் எண்டில் ஓர் ஓட்டலுக்கு வெளியே நின்ற ஃபோர்டு பாப்புலர் காருக்குப் போனது. அபராதம் 2 பவுண்டு. காரை நிறுத்தியவர் ஒரு மருத்துவர். மாரடைப்பு வந்தவரைப் பார்க்க அவசரமாக ஓட்டலுக்குள் போயிருந்தார். விஷயம் வெளியே தெரிந்ததும் மக்கள் கொதித்துப்போனார்கள். அபராதம் தள்ளுபடியானது.

அந்த மருத்துவருக்காக ஊரே பேசியது. இன்று டிக்கெட் வாங்குகிறவருக்காக யாரும் பேசப்போவதில்லை. ஆனால் அவர் கையில் சட்டம் இருக்கிறது. கவுன்சிலிடம் இரண்டு முறை முறையிடலாம். அங்கே மறுத்துவிட்டால், கவுன்சிலுக்குக் கட்டுப்படாத ஒரு நடுவரிடம் போகலாம். இதற்கு ஒரு பென்னிகூடக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. இருந்தும், லண்டனுக்கு வெளியே கவுன்சில்கள் எழுதும் டிக்கெட்டுகளில் நூற்றில் ஒன்றுகூட அந்த நடுவர்வரை போவதில்லை.

ஏன் போவதில்லை என்பதற்கு விடை டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. லண்டனில் இப்போது அபராதம் 160 பவுண்டு வரை போகிறது. இங்கிலாந்தின் மற்ற பெரும்பாலான இடங்களில் மீறலைப் பொறுத்து 70 அல்லது 50 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் பாதி போதும். ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ கடை வைத்திருப்பவர் உடனே கணக்குப் போடுகிறார்: இப்போது கட்டினால் 80, வாதாடித் தோற்றால் 160. பக்கத்துக் கடைக்காரரும் அதையே சொல்கிறார்: “காசைக் கட்டிப்போட்டு விடுங்கோ அண்ணை, உதுக்கு ஏன் தலையிடி?” தவறே செய்யாதவரும் கட்டிவிடுகிறார். கட்டிய கணத்தில் வழக்கு முடிகிறது. பிறகு முறையிட வழியில்லை.

அந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டுப்போகிறது. டிக்கெட் கிடைத்த 14 நாளுக்குள் கவுன்சிலுக்கு எழுதிவிட்டால், பதில் பாதகமாக வந்தாலும் பாதித் தொகையில் கட்ட மீண்டும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் கவுன்சில்களைக் கேட்டுக்கொள்கிறது. பெரும்பாலான கவுன்சில்கள் தருகின்றன. சலுகைக்கான நாளும் விதியும் டிக்கெட்டின் பின்புறத்திலோ கவுன்சிலின் இணையதளத்திலோ இருக்கும். ஆகவே முதல் கடிதத்தைக் காலத்தோடு எழுதுகிறவர் பெரும்பாலும் எதையும் இழப்பதில்லை, கொஞ்ச நேரத்தைத் தவிர.

இந்த ஏற்பாடு நெடுங்காலம் இப்படி இருக்கவில்லை. முன்பு தவறான இடத்தில் வண்டி நிறுத்துவது குற்றவியல் விவகாரம். போலீசும் வார்டனும் எழுதுவார்கள், எதிர்த்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போக வேண்டும். 1991-ம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதை மாற்றி, முதலில் லண்டனிலும் பிறகு மற்ற ஊர்களிலும் கவுன்சில்களே சிவில் அபராதம் விதிக்க வழிசெய்தது. அதன் இடத்துக்கு 2004-ம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2008 மார்ச் 31 முதல் நடப்பில் இருக்கின்றன, 2022-ல் புதிதாக எழுதப்பட்டன. கவுன்சில் டிக்கெட்டால் லைசென்சில் புள்ளி ஏறாது, குற்றப்பதிவும் வராது. அது ஒரு கடன் கோரிக்கை. மீறல் நடந்ததென்று காட்ட வேண்டிய பொறுப்பு கோருகிற கவுன்சிலுடையது.

எழுதத் தொடங்கும் முன் கையில் இருப்பது எந்த டிக்கெட் என்று பார்த்தாக வேண்டும். கவுன்சில் தருவது ‘பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்’. சூப்பர் மார்க்கெட், மருத்துவமனை வளாகம் போன்ற தனியார் இடங்களில் நிறுவனங்கள் தருவது ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்’. இரண்டையும் பி.சி.என். என்றே சுருக்குகிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தனியார் டிக்கெட் ஒப்பந்தச் சட்டத்தின்கீழ் வருவது. அதற்கு மேல்முறையீட்டு அமைப்பும் வேறு, விதிகளும் வேறு. தனியார் டிக்கெட்டைக் கட்டவே தேவையில்லை என்று உலவும் பேச்சை நம்பியவர்களுக்கு 2015-ல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது: செம்ஸ்ஃபோர்டில் கூடுதல் நேரம் நின்ற காருக்கு நிறுவனம் கேட்ட 85 பவுண்டு செல்லும் என்று தீர்ப்பளித்தது. போலீஸ் தரும் நிலையான அபராதச் சீட்டு மூன்றாவது வகை, அதன் வழி நீதிமன்றம். இங்கே பேச்சு கவுன்சில் டிக்கெட்டைப் பற்றி மட்டும்.

டிக்கெட் கையில் வந்ததும் முதல் வேலை படம் எடுப்பது. வண்டி நின்ற நிலை, அருகில் உள்ள பலகை, தரையில் உள்ள கோடு, கோடு அழிந்திருந்தால் அந்த இடம், பலகையை மரக்கிளை மறைத்திருந்தால் அந்தக் கிளை. அடுத்த வாரம் போனால் கிளை வெட்டப்பட்டிருக்கலாம், கோட்டுக்குப் புது மஞ்சள் பூசியிருக்கலாம். வார்டனும் படம் எடுத்திருப்பார். டிக்கெட் எண்ணையும் வண்டி எண்ணையும் கொடுத்தால் பல கவுன்சில்கள் அந்தப் படங்களை இணையத்திலேயே காட்டிவிடும். எழுதும் முன் அவற்றைப் பார்ப்பது அவசியம். எதிர்த்தரப்பு கையில் என்ன வைத்திருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

பிறகு டிக்கெட்டில் உள்ள குறியீட்டைப் பார்க்க வேண்டும். 01 என்றால் தடைசெய்யப்பட்ட நேரத்தில் மஞ்சள் கோட்டில் நிறுத்தியது. 05, கட்டிய நேரம் முடிந்தும் நின்றது. 12, குடியிருப்பாளர் இடத்தில் பெர்மிட் இல்லாமல் நின்றது. 40, ஊனமுற்றோருக்கான இடத்தில் நீல பேட்ஜ் இல்லாமல் நின்றது. 62, நடைபாதையில் சக்கரம் ஏறியது. குறியீடு எதைச் சொல்கிறதோ அதற்குத்தான் பதில் எழுத வேண்டும். பெர்மிட் இல்லை என்று வந்த டிக்கெட்டுக்கு ‘நான் 5 நிமிடம்தான் நின்றேன்’ என்று பதில் எழுதினால் அது குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டதாகவே ஆகிவிடும்.

நேரத்தைப் பற்றிய ஒரு விதியைப் பலர் அரைகுறையாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். 2015 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில், அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்த பின் 10 நிமிடம் வரை நின்றாலும் அபராதம் கிடையாது. மதியம் 2.30 வரை பணம் கட்டிய வண்டிக்கு 2.38-க்கு டிக்கெட் எழுதினால் அது செல்லாது, 2.41-க்கு எழுதினால் செல்லும். கவுன்சிலின் கார் பார்க்கிலும் தெருவில் கட்டணம் கட்டி நிறுத்தும் இடத்திலும் இலவசமாக ஒரு மணி நேரம் என்று அனுமதித்த இடத்திலும் இது பொருந்தும். மஞ்சள் கோட்டுக்குப் பொருந்தாது. அங்கே நிறுத்த அனுமதியே இல்லாதபோது, முடிந்த பின் 10 நிமிடம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

மஞ்சள் கோட்டுக்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. ஒற்றைக் கோடானாலும் இரட்டைக் கோடானாலும், நடைபாதை விளிம்புக் கல்லில் மஞ்சள் குறி இல்லாத இடத்தில் சரக்கு ஏற்றி இறக்கலாம், ஆளை ஏற்றி இறக்கலாம். விளிம்புக் கல்லில் குறுக்காக ஒரு மஞ்சள் குறி இருந்தால் பலகை சொல்லும் நேரத்தில் சரக்கு இறக்கக்கூடாது. இரண்டு குறி இருந்தால் எந்நேரமும் கூடாது. தமிழ்க் கடைக்காரர்களின் வழக்குகளில் இது அடிக்கடி வருவதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒரு மளிகைக் கடைக்காரர் வேனை ஒற்றை மஞ்சள் கோட்டில் நிறுத்தி அரிசி மூட்டை இறக்குகிறார். சரக்கு அறை கடையின் பின்பக்கம். ஒவ்வொரு மூட்டையாக உள்ளே கொண்டுபோய் அடுக்கிவிட்டு வருகிறார். அந்த இடைவெளியில் வந்த வார்டன் சில நிமிடம் நின்று பார்க்கிறார், வேனருகே யாரும் இல்லை. ‘சரக்கு இறக்குவது காணப்படவில்லை’ என்று குறிப்பெழுதி டிக்கெட்டை ஒட்டுகிறார். வார்டன் பொய் சொல்லவில்லை, கடைக்காரரும் தவறு செய்யவில்லை. இந்த வழக்கை வெல்ல வைப்பது காகிதம்: நேரம் குறித்த மொத்தக்கடை ரசீது, கடைக் கேமராவில் மூட்டை உள்ளே வரும் காட்சி, உதவிக்கு நின்ற பையனின் ஒரு பக்க வாக்குமூலம். சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், எண்ணிச் சரிபார்ப்பதும், கையெழுத்து வாங்குவதும் சரக்கு இறக்கும் வேலையின் பகுதிகளே என்று நடுவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இறக்கி முடித்த பின் வேனை அங்கேயே விட்டு ஒரு தேநீர் குடித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

டூட்டிங் கடைவீதிக்கு இந்தச் சலுகை அப்படியே பொருந்தாது. அது சிவப்புக் கோட்டுச் சாலை, லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் கையில் இருக்கிறது. சிவப்புக் கோட்டில் சரக்கு இறக்கவும் நிற்கக்கூடாது. கட்டம் வரைந்த இடங்களில், பலகை சொல்லும் நேரத்தில் மட்டும் நிற்கலாம். அங்கே வாங்கிய டிக்கெட்டுக்கு முறையீடும் கவுன்சிலுக்குப் போகாது, அந்தக் கழகத்துக்குத்தான் போகும்.

லண்டனுக்குப் புதிதாக வருகிறவர்களைப் பிடிக்கும் இன்னொரு விதி நடைபாதை பற்றியது. 1974-ம் ஆண்டின் ஒரு சட்டப்படி லண்டன் பெருநகரம் முழுவதும் நடைபாதையில் நிறுத்தத் தடை. விலக்கு தந்த தெருக்களில்தான் பலகை இருக்கும், தடைக்குப் பலகை வைக்க வேண்டியதில்லை. ஒரு சக்கரம் ஏறியிருந்தாலும் மீறல்தான். இங்கிலாந்தின் பெரும்பாலான மற்ற ஊர்களில் அப்படியொரு பொதுத்தடை இருந்ததில்லை. அதனால் லெஸ்டரிலிருந்து உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர் ‘எங்கள் தெருவில் எல்லாரும் இப்படித்தான் நிறுத்துவார்கள்’ என்று நம்பி ஏற்றிவிடுகிறார். பலகை இல்லை என்ற வாதம் இங்கே எடுபடாது.

பலகை, கோடு, நோட்டீஸ் இவற்றின் குறைகளைச் சுட்டும் வாதங்கள் எங்கே எடுபடும், எங்கே எடுபடாது என்பதை நீதிமன்றங்களே காட்டியிருக்கின்றன.

2006-ல் லண்டன் பார்னெட் கவுன்சிலின் டிக்கெட் ஒன்று உயர் நீதிமன்றம்வரை போனது. மீறல் நடந்த நாள் டிக்கெட்டில் இருந்தது. நோட்டீஸ் தரப்பட்ட நாள் என்று சட்டம் கேட்ட விவரம் இல்லை. இரண்டும் ஒரே நாள்தான், யாருக்கும் இதனால் நஷ்டமில்லை என்று கவுன்சில் வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டம் கேட்கும் விவரம் நோட்டீசில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அதை வைத்துப் பணம் வசூலிக்க முடியாது என்றது. 2011-ல் கேம்டன் கவுன்சில் இதே பாடத்தை வேறு வழியில் கற்றது. கடன் அட்டையில் அபராதம் கட்டியவர்களிடம் அது 1.3 சதவீதம் கூடுதலாக வாங்கியது. சட்டம் விதித்த தொகையைத் தாண்டி வாங்க அதிகாரமில்லை என்று நடுவர் சொன்னார். எதிர்த்துப் போன கவுன்சில் உயர் நீதிமன்றத்திலும் தோற்றது.

இவற்றைப் படித்துவிட்டுச் சின்னப் பிழையெல்லாம் டிக்கெட்டைக் கவிழ்த்துவிடும் என்று நினைத்தால் அது தவறு. அதே 2011-ல் சண்டர்லேண்ட் நகரின் கட்டுப்பாட்டு மண்டலம் பற்றிய வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் எதிர்ப்பக்கம் நின்றது. மண்டலத்துக்குள் சில இடங்களில் கோடுகள் ஒழுங்காக இல்லை, ஆகவே மண்டலமே செல்லாது என்பது வாதம். ஓட்டுநர்களைத் தவறாக வழிநடத்தாத சிறு குறைகளுக்காக மண்டலம் முழுவதும் செல்லாமல் போகாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. மூன்றையும் சேர்த்து வைத்தால் ஒரு கோடு தெரிகிறது: கவுன்சில் அனுப்பும் காகிதத்தில் சட்டம் கேட்பது இல்லையென்றாலோ, கேட்கும் பணம் சட்டம் தந்ததைத் தாண்டினாலோ வாதம் வலுவானது. தெருவில் உள்ள கோடு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்பது மட்டும் போதாது, அந்தத் தேய்மானத்தால் நியாயமான ஓட்டுநர் ஏமாந்திருப்பார் என்று காட்ட வேண்டும்.

கட்டுப்பாட்டு மண்டலம் என்றால் என்னவென்று தெரியாமலே பலர் அதில் மாட்டுகிறார்கள். மண்டலத்துக்குள் நுழையும் இடத்தில் நேரத்தைச் சொல்லும் பலகை இருக்கும். அதே நேரம் பொருந்தும் ஒற்றை மஞ்சள் கோட்டுக்கு உள்ளே தனிப் பலகை தேவையில்லை. தெரு முழுக்கத் தேடியும் பலகை காணவில்லை என்று எழுதுகிறவருக்குக் கவுன்சில் நுழைவுப் பலகையின் படத்தை அனுப்பிவைக்கும். எழுதும் முன் வந்த வழியே திரும்பிப் போய் அந்த நுழைவுப் பலகையைப் பார்த்துவிடுவது நல்லது. அது திரும்பிக்கிடந்தாலோ, வேலைக்காகப் போட்ட தடுப்பு அதை மறைத்திருந்தாலோ, நல்ல வழக்குக்கு அங்கே ஆதாரம் கிடைத்துவிட்டது.

இனி கடிதம். கவுன்சில் மக்களைக் கொள்ளையடிக்கிறது என்று மூன்று பக்கம் எழுதுவதால் எழுதுகிறவரின் மனம் ஆறலாம், டிக்கெட் ரத்தாகாது. நல்ல கடிதம் அரைப்பக்கம் போதும்: டிக்கெட் எண், வண்டி எண், நாள், தெரு. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு. எந்தக் காரணத்தால் மீறல் நடக்கவில்லை. இணைத்திருக்கும் ஆதாரங்கள் எவை. கேட்பது ரத்து. அவ்வளவுதான். ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளைகளோ நண்பரோ எழுதித் தரலாம், மொழி நடைக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

உள்ளூர்க் கவுன்சிலரைத் தெரியும், அவரிடம் சொன்னால் ரத்தாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. அரசின் வழிகாட்டுதல் அந்தக் கதவை மூடியிருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தனிப்பட்ட டிக்கெட்டுகளின் முடிவில் பங்கெடுக்கக்கூடாது. ஆளைத் தெரிந்தவருக்கு ஒரு சட்டம், தெரியாதவருக்கு ஒரு சட்டம் என்றாகிவிடக்கூடாது என்பதால் இது நல்ல விதி. பலகை மறைந்திருப்பதைப் பற்றிக் கவுன்சிலரிடம் புகார் சொல்லலாம், அது அவர் வேலை.

முதல் கடிதம் மறுக்கப்பட்டால் வழி இரண்டாகப் பிரிகிறது. கட்டிவிடலாம். அல்லது ‘நோட்டீஸ் டு ஓனர்’ என்ற அடுத்த காகிதத்துக்குக் காத்திருக்கலாம். டிக்கெட் எழுதி 28 நாளுக்குள் பணம் வராவிட்டால் கவுன்சில் அதைப் பதிவில் உள்ள சொந்தக்காரருக்கு அனுப்பும். பணத்துக்குப் பொறுப்பு ஓட்டியவர் அல்ல, சொந்தக்காரர். மைத்துனர் காரை வாங்கிப்போய் எங்கோ நிறுத்தினாலும் கடிதம் காரின் பதிவில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும், முறையிட வேண்டியவரும் அவரே. கேமராவில் பதிவாகித் தபாலில் வந்த டிக்கெட்டுக்கு முதல் கட்டம் கிடையாது, அந்தத் தபாலே நோட்டீஸ் டு ஓனரின் இடத்தில் நிற்கும். சலுகை நாளும் அதற்கு 21. கேமராவால் டிக்கெட் எழுதுவதை இங்கிலாந்தில் 2015-க்குப் பின் பள்ளி வாசல், பேருந்து நிறுத்தம், சிவப்புக் கோடு போன்ற சில இடங்களுக்கு மட்டும் அனுமதித்திருக்கிறார்கள்.

நோட்டீஸ் டு ஓனர் வந்ததும் 28 நாளுக்குள் முறையான மனு அனுப்ப வேண்டும். மீறல் நடக்கவில்லை, வண்டி அப்போது என்னுடையதல்ல, திருடுபோயிருந்தது, தொகை அதிகம், கவுன்சில் நடைமுறையில் தவறியது என்று சட்டம் காரணங்களை வகுத்திருக்கிறது. இவற்றில் எதிலும் அடங்காத நெருக்கடிகளுக்கும் இடமுண்டு: வண்டி பழுதானது, கூட வந்தவருக்கு நெஞ்சுவலி வந்தது, வீட்டில் மரணம். கவுன்சில் இவற்றைப் படித்துப் பார்த்தாக வேண்டும், அச்சடித்த மறுப்பை அனுப்பிவிட்டால் போதாது. மனு கிடைத்து 56 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் மனு ஏற்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும், டிக்கெட் ரத்து. அனுப்பிய நாளுக்கு ஆதாரம் வைத்துக்கொள்வது இதனால்தான் முக்கியம். அஞ்சலக ரசீதோ இணையத்தில் வந்த ஒப்புகை மின்னஞ்சலோ எதுவானாலும் சரி.

இந்தக் கட்டத்தில் பாதித் தொகைச் சலுகை பொதுவாக முடிந்துவிடும். இங்கேதான் நல்ல வழக்கு கையில் இருப்பவரும் தளர்கிறார். தவறை ஒப்புக்கொண்டு உடனே கட்டுகிறவருக்குக் கழிவு தருவதில் நியாயம் இருக்கிறது. நியாயமான சந்தேகத்தை நடுவரிடம் கேட்கப் போகிறவரை இருமடங்குத் தொகையால் மிரட்டுவதில் நியாயம் இல்லை. வசதியுள்ளவருக்கு 80 பவுண்டு வித்தியாசம் ஒரு சூதாட்டத் தொகை. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி. யாருக்கு முறையீடு அதிகம் தேவையோ அவரையே இந்த ஏற்பாடு வாசலில் நிறுத்திவிடுகிறது. சலுகையை நடுவரின் முடிவுவரை நீட்டிப்பதுதான் சரி.

மனுவும் மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தோடு மேல்முறையீட்டுக்கான விவரமும் வரும். மீண்டும் 28 நாள். லண்டனுக்கு ‘லண்டன் டிரைபியூனல்ஸ்’, இங்கிலாந்தின் மற்ற பகுதிகளுக்கும் வேல்ஸுக்கும் ‘டிராஃபிக் பெனால்டி டிரைபியூனல்’. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி அமைப்புகள். நடுவர்கள் வக்கீல் தொழிலிலிருந்து வருகிறவர்கள், கவுன்சில் ஊழியர்கள் அல்ல. தீர்ப்பாயம் போவது என்றதும் கறுப்பு அங்கி, சாட்சிக் கூண்டு என்று கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலான வழக்குகள் காகிதத்திலோ தொலைபேசியிலோ காணொளியிலோ முடிகின்றன. தோற்றாலும் எதிர்த்தரப்புச் செலவு தலையில் விழாது. வேண்டுமென்றே தொல்லை தரவோ முற்றிலும் நியாயமின்றியோ நடந்தவர்களுக்கு மட்டும் அது நேரலாம்.

மேல்முறையீடு பதிவானதும் வேலை கவுன்சிலுக்கு. வார்டனின் குறிப்பு, படங்கள், அந்தத் தெருவின் தடையை உருவாக்கிய போக்குவரத்து ஆணை, இதுவரை நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் தொகுத்து நடுவருக்கும் முறையிட்டவருக்கும் அனுப்ப வேண்டும். அந்தக் கட்டைப் பொறுமையாகப் படித்தால் சில நேரம் விடை அதிலேயே கிடைக்கும். ஆணை சொல்லும் நேரமும் பலகை சொல்லும் நேரமும் வேறாக இருக்கும், படத்தில் உள்ள பலகை வேறு தெருவுடையதாக இருக்கும். கட்டைத் தயாரிக்க உட்காரும்போதுதான் வழக்கு பலவீனமானது என்று உணர்ந்து கவுன்சில் விலகிக்கொள்வதும் உண்டு.

நடுவருக்கும் எல்லை இருக்கிறது. மீறல் நடந்தது உண்மை, ஆனால் காரணம் மனதை உருக்குகிறது என்றால் அவரே ரத்து செய்ய முடியாது. ரத்து செய்யும்படி கவுன்சிலுக்குப் பரிந்துரைக்கலாம். கவுன்சில் 35 நாளுக்குள் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே உருக்கமான காரணங்களை நடுவருக்கென்று சேமித்துவைக்காமல் முதல் கடிதத்திலேயே, மருத்துவமனைக் கடிதத்தோடு, கவுன்சிலுக்குச் சொல்லிவிடுவதே புத்திசாலித்தனம். இரக்கம் காட்டும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.

எல்லா வழிகளிலும் மோசமானது எதுவும் செய்யாமல் இருப்பது. நோட்டீஸ் டு ஓனருக்குப் பதிலும் பணமும் போகாவிட்டால் ‘சார்ஜ் சர்ட்டிஃபிகேட்’ வரும், தொகை ஒன்றரை மடங்காகும்: 70 பவுண்டு 105 ஆகும், 160 பவுண்டு 240 ஆகும். அதன் பிறகு கடன் நார்த்தாம்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்தில் பதிவாகும். அடுத்து வாசலில் பெய்லிஃப். 2014-ல் வகுத்த கட்டணப்படி அவர்கள் கடிதம் அனுப்பும் கட்டத்துக்கு 75 பவுண்டு, வீடு தேடி வரும் கட்டத்துக்கு 235 பவுண்டு. அரை மணி நேரம் நிறுத்திய வண்டிக்கு லண்டனில் 500 பவுண்டுக்கு மேல்கூடக் கேட்பார்கள், தராவிட்டால் அந்த வண்டியையே பூட்டிவிடவும் முடியும்.

இந்தக் குழியில் விழுகிறவர்களில் பலர் கடிதங்களை அலட்சியம் செய்தவர்கள் அல்ல. கடிதமே பார்க்காதவர்கள். வாடகை வீடு மாறியவர்கள் வங்கியிலும் பள்ளியிலும் முகவரியை மாற்றிவிட்டு, வண்டிப் பதிவுப் புத்தகத்தை மறந்துவிடுகிறார்கள். கவுன்சிலின் கடிதங்கள் பழைய வீட்டின் வாசலில் குவிகின்றன. அப்படி நேர்ந்தவருக்கும் ஒரு வழி உண்டு. நார்த்தாம்டன் மையத்துக்கு, நோட்டீஸ் எனக்குக் கிடைக்கவில்லை என்று எழுத்துப்பூர்வ வாக்குமூலம் தரலாம். பணம் கேட்கும் ஆணை வந்து 21 நாளுக்குள் தர வேண்டும், தாமதமானால் ஏன் தாமதம் என்று தனியாக மனுச்செய்ய வேண்டும். ஏற்கப்பட்டால் ஆணை ரத்தாகி வழக்கு பழைய கட்டத்துக்குத் திரும்பும். டிக்கெட் அதோடு ஒழியாது, மறுபடி வாதிட வாய்ப்புக் கிடைக்கும். அதில் பொய் எழுதுவது குற்றம் என்பதையும் சொல்லியாக வேண்டும். முகவரி மாற்றம் இணையத்தில் இலவசமாகச் செய்யக்கூடியது. வீடு மாறும் வாரத்திலேயே செய்துவிட்டால் இந்த அத்தியாயமே தேவைப்படாது.

முறையிடுவதில் சிலருக்கு வேறொரு தயக்கம் இருக்கிறது. கவுன்சிலுக்குப் பணம் போனால் நல்ல காரியத்துக்குத்தானே, எதற்காக வழக்காடுவது என்ற எண்ணம். தெருவில் கிடைக்கும் பார்க்கிங் உபரியை எதற்குச் செலவிடலாம் என்று 1984-ம் ஆண்டின் சட்டம் வரையறுத்திருக்கிறது: பார்க்கிங் வசதி, பொதுப் போக்குவரத்து, சாலை மேம்பாடு போன்றவை. ஆனால் அந்த உபரிக்காகவே கட்டணம் வைக்கக் கவுன்சிலுக்கு உரிமை இல்லை. பார்னெட் கவுன்சில் குடியிருப்பாளர் பெர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாகவும், விருந்தினர் சீட்டை 1 பவுண்டிலிருந்து 4 பவுண்டாகவும் ஏற்றியபோது, ஒரு குடியிருப்பாளர் உயர் நீதிமன்றம் போனார். வருமானம் தேடும் நோக்கில் கட்டணத்தை ஏற்றியது சட்டவிரோதம் என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அபராதத்துக்கும் அரசின் வழிகாட்டுதல் இதையே சொல்கிறது: வருமானம் நோக்கமாக இருக்கக்கூடாது, இத்தனை டிக்கெட் எழுத வேண்டும் என்று இலக்கும் வைக்கக்கூடாது.

ஓர் ஆண்டில் எத்தனை டிக்கெட் எழுதப்பட்டன, எத்தனை ரத்தாயின, எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்ற விவரங்களைக் கவுன்சில்கள் பார்க்கிங் அறிக்கையாக வெளியிடுகின்றன. தன் ஊர்க் கவுன்சிலின் அறிக்கையைத் திறந்து ரத்தான டிக்கெட்டுகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்குச் சில நிமிடம் போதும். முதல் கடிதத்தை எழுத உட்காரும் முன், அந்த 14 நாளுக்குள்ளேயே, அதைப் பார்த்துவிடலாம்.